மேற்கோள் குறிக்குள் ஒரு நோய்: பம்பாய், 1928

சற்றே நீண்ட பதிவு. பேறுகால மருத்துவத்தின் வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவ நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். நான் மொழியியல் பயின்றவள். மருத்துவத் துறையினள் அல்லேன். மாத்திரை உண்பது பற்றிய ஐயங்களுக்கு உங்கள் மருத்துவரே விடை சொல்ல வேண்டும்.

என் அக்காவுக்கு இது நான்காம் மாதம். ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிவப்பு நிற மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, நாள்தோறும் ஒன்று வீதம் பிள்ளை பிறக்கும் வரையிலும், பிறந்த பின்னும் ஆறு மாதம் உண்ணுமாறு சொல்லியிருக்கிறார்கள். உண்ணத் தொடங்கிய மூன்றாம் நாளே மலம் கறுத்துப் போகவே அவள் அஞ்சிவிட்டாள். இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று அண்டை வீட்டு அத்தை வேறு சொல்லிவிட்டார். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, முனைவர் பட்டத்திற்குப் படிப்பவள்தானே நீ, இதில் என்னதான் இருக்கிறது சொல் என்றாள். மலம் கறுப்பது உடல் ஏற்காத இரும்பு வெளியேறுவதால்தான் என்பதையும், பிள்ளையின் நிறத்திற்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லி அமைதிப்படுத்தினேன். பிறகு அட்டையின் பின்புறத்தைப் படிக்கச் சொன்னேன். இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம் என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரும்பு அவளுக்குத் தெரிந்த சொல். மற்றது என்ன என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு உரிய விடை இப்பதிவின் நீளம் கொண்டது. அன்றிரவு நான் சொன்னதோ, அது கீரையில் இருப்பது என்பது மட்டுமே.

இலத்தீன் மொழியில் ‘ஃபோலியம்’ என்றால் இலை. 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்னும் மூவர் ஏறத்தாழ நான்கு டன் பசலைக்கீரையை அரைத்துச் சாறெடுத்து, அதிலிருந்து சிறிதளவு பொருளைப் பிரித்தார்கள். இலையிலிருந்து கிடைத்ததால் அதற்கு அப்பெயர். பாடநூல்கள் பெரும்பாலும் இங்கிருந்தே கதையைத் தொடங்குகின்றன. ஆனால் இப்படியொரு பொருள் இருந்தாக வேண்டும், அது இல்லாமற்போனால் கருவுற்ற பெண்ணின் குருதி கெடும் என்பது பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது. அது கண்டறியப்பட்ட இடம் பம்பாய். கண்டறிந்தவர் லூசி வில்ஸ். யாருடைய உடலில் கண்டறியப்பட்டதோ அந்தப் பெண்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

இருபதுகளின் இறுதியில் இந்தியத் தாய்மாரின் சாவு அரசியல் விவாதப் பொருளாகியிருந்தது. 1885இல் வைசிராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி தொடங்கிய நிதியம் பெண்களுக்கான மருத்துவமனைகளை நாடெங்கும் எழுப்பியிருந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியம் ‘தாயி’ என்று வட இந்தியாவில் வழங்கும் மரபுவழி மருத்துவச்சியருக்குப் பயிற்சியளிக்க முற்பட்டது. (அச்சொல்லைத் தமிழெழுத்தில் ‘தாய்’ என்று எழுதிவிட்டால் நேரும் குழப்பத்தை நண்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு சொற்கள்.) இந்நிதியம் 1918இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவச்சியரின் அழுக்குக் கைகளையும் காற்றில்லாப் பேற்றறைகளையும் விரிவாகப் பதிவு செய்தது. அந்த அறிக்கையிலிருந்து பலவற்றை எடுத்தாண்டே கேதரின் மேயோ 1927இல் ‘மதர் இந்தியா’வை எழுதினார். அந்நூல் எழுப்பிய கொந்தளிப்பை நாம் அறிவோம். தாய் ஏன் சாகிறாள் என்ற கேள்விக்கு அக்காலத்தில் ஆயத்தமாக மூன்று விடைகள் இருந்தன: மருத்துவச்சி, பர்தா, இளமை மணம். மூன்றிலும் உண்மை உண்டு. தொற்றுக் காய்ச்சலில் மாண்டவர்கள் எண்ணற்றோர். ஆனால் மூன்றும் குற்றத்தை ‘வழக்கம்’ என்னும் ஒற்றைச் சொல்லின் மீது சுமத்துகின்றன. ஆட்சிக்கும் கூலிக்கும் அங்கு இடமில்லை.

மார்கரெட் பால்ஃபோர் அந்த வட்டத்திற்குள்ளிருந்தே வந்தவர். இந்தியப் பெண் மருத்துவப் பணியில் நெடுங்காலம் தலைமைப் பொறுப்பு வகித்த ஸ்காட்லாந்துக்காரர். பணியிலிருந்து விலகிய பின் பம்பாயில் பேற்றுக்கால இறப்புகளைக் கணக்கெடுத்தார். இறந்த பெண்களில் பலருக்குக் காய்ச்சலோ குருதிப்பெருக்கோ காரணமில்லை, கடும் சோகைதான் காரணம் என்பது அவர் கண்ணில் பட்டது. இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் நடந்த தாய்மார் இறப்பு விசாரணைக்கு உதவ, இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலிருந்து லூசி வில்ஸை அழைத்தார். 1928இல் வில்ஸ் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பது. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தவர். 1911இல் தேர்வுகளை முடித்தும் முழுமையான பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1948இல். மருத்துவம் படித்துத் தேறியது முப்பது வயதுக்கு மேல், 1920இல்.

அவர் வந்திறங்கிய பம்பாயைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். மருத்துவ வரலாற்று நூல்களில் இந்தப் பகுதி காணாமற்போய்விடுகிறது. ஹாஃப்கின் நிறுவனம் இருப்பது பரேலில். ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையாக இருந்த கட்டடம். அதைச் சூழ்ந்திருந்தவை பஞ்சாலைகளும் ஆலைத் தொழிலாளர் குடியிருந்த சால்களும். ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண்; பெரும்பாலும் நூல் சுற்றும் பிரிவுகளில் வேலை. வாடியா குடும்பத்தார் கட்டிய பேறுகால மருத்துவமனை 1926இல் பரேலிலேயே திறக்கப்பட்டிருந்தது. 1928 ஏப்ரல் இறுதியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஆறு மாதம் கூலி இல்லை. மறு ஆண்டும் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த 1928 சூலையில்தான் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால நல மசோதா விவாதத்திற்கு வந்தது. அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு உரியது, அதன் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமாயிற்று. இந்தியாவில் இவ்வகையில் முதற்சட்டம் அதுவே.

வில்ஸின் ஆய்வையும் வேலைநிறுத்தத்தையும் அம்பேத்கரின் உரையையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்த நூலை நான் இதுவரை கண்டதில்லை. மருத்துவ வரலாறு ஒரு அலமாரியில், தொழிலாளர் வரலாறு இன்னொரு அலமாரியில். ஆனால் கருவுற்ற பெண் ஒருத்தியே. ஆறு மாதம் அடுப்பு சரியாக எரியாத வீடுகளிலிருந்து வந்த பெண்களும் மருத்துவமனை வார்டுகளில் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம் என்றே கொள்க.

இனி நோய்க்கு வருவோம். அப்பெண்களின் குருதியில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், இருப்பவை அளவில் பெருத்தும் இருந்தன. இரும்புக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுக்கும், இங்கே நேர்மாறு. பெருத்த அணுக்களைக் கொண்ட சோகை ஒன்று மேலை நாடுகளில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. அதற்கு ‘கொடுஞ்சோகை’ என்னும் பொருளில் ஒரு பெயர். மீட்சியில்லாதது என்ற அச்சம் அப்பெயரிலேயே ஒலிக்கும். 1926இல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி ஆகிய இருவரும் நாள்தோறும் நிறைய ஈரல் உண்ணச் செய்தால் அது தீரும் என்று காட்டினார்கள். பின்னர் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே கருவுற்ற இந்தியப் பெண்ணிடம் அதே போன்ற குருதியைக் கண்ட மருத்துவர்கள் ‘கருவுற்றோரின் கொடுஞ்சோகை’ என்று பெயரிட்டார்கள். வெப்ப நாடுகளில் பிறரிடமும் காணப்பட்டதற்கு ‘வெப்பமண்டலச் சோகை’ என்று இன்னொரு பெயர்.

வில்ஸ் 1931இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் இவ்விரு பெயர்களும் வருகின்றன. இரண்டும் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றன.

மொழியியல் மாணவியாகிய எனக்கு அந்தக் கட்டுரை முழுவதிலும் மிகவும் பிடித்தது அந்த நான்கு குறிகள்தாம். பெயரைப் பயன்படுத்துகிறார், ஆனால் ஏற்கவில்லை. ‘கொடுஞ்சோகை’ என்றால் வயிற்றில் அமிலம் சுரப்பது நின்றிருக்க வேண்டும். பம்பாய்ப் பெண்களிடம் அது நிற்கவில்லை. ‘வெப்பமண்டலச் சோகை’ என்றால் வெயிலே நோய்க்குக் காரணம் என்று பொருள்படும். அதே வெயிலில்தான் மலபார் குன்றத்துச் செல்வர் வீட்டுப் பெண்களும் பிள்ளை பெற்றார்கள். அவர்களிடம் இந்நோய் இத்தகைய கடுமையுடன் காணப்படவில்லை. ஒரு நோய்க்கு நாட்டின் பெயரையோ தட்பவெப்பத்தின் பெயரையோ சூட்டினால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. மேற்கோள் குறி அந்தப் பொறுப்பின்மையை ஏற்க மறுக்கிறது. இது நான் ஏற்றிச் சொல்லும் பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஏற்றிச் சொல்வதாகவே இருக்கட்டும்.

பெயரை ஒதுக்கிவிட்டு அவர் கேட்ட கேள்வி எளியது. என்ன உண்கிறார்கள்? 1930இல் தல்பாடே என்னும் இந்திய ஆய்வாளருடன் இணைந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் ஆய்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். அதற்கு முந்தைய முதற்கட்ட அறிக்கை மேத்தா என்பவருடன் சேர்ந்து எழுதியது. ‘வில்ஸ் காரணி’ என்று பின்னாளில் உலகம் ஒரு பெயரைத் தந்தபோது மேத்தாவும் தல்பாடேயும் அதில் இல்லை. சால் வீடுகளுக்குள் சென்று, அடுப்படியில் அமர்ந்து, அந்தந்த மொழியில் நேற்று என்ன சமைத்தாய் என்று கேட்டிருக்கக்கூடியவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த இன்மையின் அளவு விளங்கும்.

கண்டறிந்தது என்ன? ஏழைப் பெண்களின் உணவில் காய், கனி, கீரை, பால், இறைச்சி ஆகியவை மிகக் குறைவு. உணவு மிக மோசமாக இருந்த பிரிவினரிடையே சோகையும் மிகுதி. ஏழை முஸ்லிம் பெண்களே இரண்டிலும் முதலிடத்தில் இருந்தார்கள். காலனிய ஆவணங்கள் எதையும் மதவாரியாகவே எண்ணும். அந்தப் பழக்கம் இந்த ஆய்வுக்குள்ளும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டவணையின் தலைப்பு மதமாக இருந்தபோதும் முடிவு மதத்தின் மீது விழவில்லை, தட்டின் மீது விழுந்தது. அக்காலச் சூழலில் இது சிறிய செய்தி அன்று.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் குன்னூரில் இருந்தார். அங்குள்ள பாஸ்டர் நிறுவன வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை எலிகளுக்கு ஊட்டி, பஞ்சாப் உணவில் எலிகள் செழிப்பதையும் சென்னை மாகாண உணவில் நலிவதையும் காட்டியவர் அவர். (அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. நான் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் தார்நாகா வளாகம் அதுதான். அதற்கும் நீலகிரிக்கும் உள்ள தொடர்பை அறியாமல் மூன்றாண்டுகள் கடந்திருக்கிறேன்.) பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்கள் உண்ட உணவை ஒத்த உணவைக் குன்னூர் எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை வந்தது, சினையெலிகள் ஈனும் முன்பே செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் சோகை வரவில்லை. எலிகளின் மேல் இருந்த பேன் பரப்பிய தொற்றும் முடிவுகளில் கலந்திருக்கலாம் என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே ரீசஸ் குரங்குகளில் ஆய்வு மீண்டும் செய்யப்பட்டது. முடிவு நின்றது.

பிறகு மனிதர்கள். ஈரல் இந்நோயையும் தீர்த்தது. ஆனால் ஈரல் சாறு விலை மிகுந்தது, ஊனுண்ணாதார்க்கு ஆகாதது. ஈஸ்ட் சாற்றில் மிக மலிவாகக் கிடைத்தது மார்மைட். பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இங்கிலாந்தில் செய்யப்படும் கருநிறக் களிம்பு அது. ரொட்டியில் தடவி உண்பார்கள். (பெயர் பிரெஞ்சு, பொருள் ‘மூடியுள்ள சமையல் பானை’. புட்டியின் மேல் இன்றும் அந்தப் பானைப் படம் உண்டு.) சாகும் நிலையிலிருந்த பெண்களுக்கு அதைக் கொடுத்தார்கள். சில நாட்களில் புதிய சிவப்பணுக்கள் குருதியில் பெருகின. 1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையிலும் பணியாற்றினார், திருவல்லிக்கேணிப் பகுதியிலுள்ள அன்றைய சாதி கோஷா மருத்துவமனையில். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. மூன்றாண்டுகளுக்குப்பின் 1934–35இல் இலங்கையில் மலேரியா பேரழிவாகப் பரவியபோது, பட்டினியால் நலிந்தவர்களுக்கு மார்மைட் வழங்கப்பட்டது. இலங்கையில் தமிழர் சிங்களவர் வேறுபாடின்றி இன்றும் பல வீடுகளில் அந்தப் புட்டி இருக்கிறது.

தூய்மையாக்கிய ஈரல் சாறு உண்மையான கொடுஞ்சோகையைத் தீர்த்தது, ஆனால் பம்பாய்ச் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மையாக்காத சாறு இரண்டையும் தீர்த்தது. எனவே ஈரலில் இரண்டு பொருள்கள் உள்ளன, ஈஸ்ட்டில் இருப்பது இரண்டாவது என்று முப்பதுகளின் பிற்பகுதியில் அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் நிறுவினார்கள். முதலாவது பி12, 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டாவதுதான் டெக்சாஸ் மூவர் கீரையில் கண்டது. அதைச் செயற்கையாக உருவாக்கியது 1945இல், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல், அதற்குக் குறைந்த சான்றிதழுடன் வெளியேறியவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாட்கள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் இறந்தார்கள். ஃபோலிக் அமிலம் குணப்படுத்தும் நோய்களுள் ஸ்ப்ரூவும் ஒன்று. கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தராத பெண்ணும் சென்னை முழுப் பட்டம் தராத ஆணும் ஒரே மாத்திரையின் இரு முனைகளில் நிற்கிறார்கள். இருவரும் சந்தித்துக்கொண்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

இங்கே ஒரு சொல்லாய்வுக் குறிப்பு. விரும்பாதவர்கள் அடுத்த பத்திக்குச் செல்லலாம். ஆங்கிலத்தில் வழங்கும் கிரேக்கச் சொல் ‘குருதியின்மை’ என்று மட்டுமே பொருள்படும். வடமொழி ‘பாண்டு’ வெளிறிய நிறத்தைச் சுட்டுகிறது. தமிழில் ‘சோகை’. நம் கரும்பு விவசாயிகள் காய்ந்த கரும்புத் தோகையையும் சோகை என்பார்கள். சோகை உரித்தல் என்பது வயல் வேலை. இலை காய்ந்து வெளிறுவதும் பெண் வெளிறுவதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது கண்ணைக் கவர்கிறது, மருந்தின் பெயரும் இலையிலிருந்தே வந்திருக்கும்போது. ஆனால் இவ்விரு சோகைகளும் ஒரே வேரினவா, வேறு வேறு சொற்களா என்று என்னால் நிறுவ முடியாது. அழகான தற்செயலைச் சொற்பிறப்பாக்கிவிடும் நோய் நம் துறையில் மிகுதி. அதற்கு மார்மைட்டும் உதவாது. இன்னொன்று: கருவுற்ற பெண்கள் மண்ணை விரும்பி உண்பதைப் புறநானூற்றின் 20ஆம் பாட்டு அரசனின் காவலைப் புகழும் இடத்தில் குறிக்கிறது, அந்த வேட்கைக்குப் பழந்தமிழில் ‘வயா’ என்றும் ‘வயவு’ என்றும் பெயர். இரும்புக் குறைவுக்கும் மண்ணுண்ணும் வேட்கைக்கும் தொடர்பு உண்டு என்று இன்றைய மருத்துவம் கருதுகிறது. புலவர் அதைப் புகழ்ச்சியாக மாற்றிக்கொண்டார். அந்தப் பெண்ணின் குருதியை யாரும் அளக்கவில்லை.

லூசி வில்ஸ் 1964 ஏப்ரலில் மறைந்தார். மறு ஆண்டு ஹிபர்டும் ஸ்மிதெல்ஸும், நரம்பு மண்டலக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் ஃபோலேட் வளர்சிதை மாற்றம் பிறழ்ந்திருப்பதாக எழுதினார்கள். கருவின் நரம்புக்குழாய் சரியாக மூடிக்கொள்ளாவிட்டால் தண்டுவடம் பிளந்தோ மூளை வளராமலோ குழந்தை பிறக்கும். 1991இல் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது: முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற பெண்கள் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டால், மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது. தாயின் குருதிக்காகக் கண்டறியப்பட்ட பொருள் குழந்தையின் தண்டுவடத்திற்கும் காவலாயிற்று. இதற்கு நேரெதிரான செய்தியும் உண்டு. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்துகள் சுப்பாராவின் ஆய்வகத்திலேயே உருவாயின. அவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்று கருப்பைக்கு வெளியே தங்கிவிட்ட கருவைக் கரைத்துத் தாயைக் காக்கப் பயன்படுகிறது.

நரம்புக்குழாய் மூடுவது கரு உண்டான 28 நாட்களுக்குள். மாதவிலக்கு தள்ளிப்போனது என்று பெண் ஐயுறும் வேளையில் பாதி வேலை முடிந்திருக்கும். என் அக்கா சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தபோது அவளுக்குப் பத்தாவது வாரம். கருவுறத் திட்டமிடும் காலத்திலிருந்து முதல் மூன்று மாதங்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்று அரசின் வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது. இரும்பு கலந்த சிவப்பு மாத்திரை அதன்பின், நான்காம் மாதம் முதல். ஆனால் திருமணமாகி ஓராண்டாகியும் இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த வரலாற்றை இரண்டாண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தவள் நான். வளைகாப்புக்கு என்ன நிறத்தில் சேலை வேண்டும் என்று அவளிடம் பலமுறை பேசியிருக்கிறேன். கூச்சம் என்று சொல்லலாம். கருவுறுவதற்கு முன் அதைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் கண்ணேறு. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லாதே என்பது வழக்கம்; அந்த மௌனத்தின் மூன்று மாதமும் இந்த மாத்திரையின் மூன்று மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இருபதாம் வாரத்தை ஒட்டிய ஸ்கேன் அவளுக்கு இனிமேல்தான். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்பதிவை இப்போது எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்திய அரசு 1970இல் சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, கருவுற்றோருக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப்பின், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்குச் சோகை. நான்காவது கணக்கெடுப்பில் இது 50.4. பேறுகாலத்தில் 180 நாட்கள் மாத்திரை உண்ட தாய்மார் 26 விழுக்காடு. சோகைக்குக் காரணம் ஊட்டக்குறைவு ஒன்றே அன்று. கொக்கிப்புழு, மலேரியா, பரம்பரைக் குருதிக் கோளாறுகள், அடுத்தடுத்த பேறுகள் எனப் பலவும் உண்டு. இருப்பினும் இவ்வெண்களை எடுத்துக்காட்டி ‘பெண்கள் மாத்திரையை ஒழுங்காக உண்பதில்லை’ என்று முடிக்கும் கருத்தரங்கக் கட்டுரைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1918ஆம் ஆண்டு அறிக்கை நினைவுக்கு வருகிறது. அன்று மருத்துவச்சியின் கை, இன்று பெண்ணின் மறதி. உண்டால் குமட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, அச்சமாக இருக்கிறது என்று அவள் சொல்வதைக் கேட்டு, இரவில் உணவுக்குப்பின் உண்டு பார், தேநீருடன் உண்ணாதே என்று சொல்ல ஒருவர் வேண்டும். பல ஊர்களில் ஆஷா பணியாளர்கள்தாம் அந்த ஒருவர். அவர்களுக்கு நிலையான ஊதியம்கூடக் கிடையாது.

பேற்றுக்குப் பின்னான ஆறு மாதத்தைப் பற்றி எவரும் பேசுவதே இல்லை. எங்கள் வீட்டுப் பத்தியத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கீரை ஆகாது. பிள்ளைக்கு மாந்தம் வரும் என்பார் அம்மாச்சி. கீரை சேரும் நாளிலும் அதை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிடுவோம். ஃபோலேட்டின் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். மாத்திரை அட்டையோ பேறு முடிந்ததும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. அம்மாச்சியைக் குறை சொல்லவில்லை. பூண்டுக் குழம்பும் கருவாடும் ஆட்டு ஈரலும் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் என்று பரிமாறியவரும் அவரே. ஈரலின் பெருமையை அவர் மைனாட்டிடமிருந்து கற்கவில்லை.

ரேஷன் கடையில் வழங்கப்பட்டுவந்த செறிவூட்டிய அரிசியில் கலந்திருந்தவை மூன்று: இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம். அரிசி களையும்போது நிறம் சற்று மாறிய மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லிப் பொறுக்கி எறிகிறார்கள் என்று செய்தி வரும்போது, அவர்களை நகையாடும் பதிவுகளையும் கூடவே காண்கிறேன். அரிசிக்குள் என்ன கலந்திருக்கிறது, ஏன் கலந்திருக்கிறது என்று அவர்கள் மொழியில் எழுதிய ஒரு தாளை எத்தனை கடைகளில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நேற்று அக்கா மீண்டும் அழைத்தாள். மாத்திரையை இரவில் உண்கிறாளாம், குமட்டல் குறைந்திருக்கிறதாம். கீரை மாத்திரை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டாளாம். அண்டை வீட்டு அத்தையிடம் பம்பாய்க் கதையைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். அந்தப் பெண்களுக்கெல்லாம் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா என்று அத்தை கேட்டாராம்.